ஹார்ப்புக்குக் கிரீஸ் போடக் கூடாது

மற்ற வாத்தியக்காரர்கள் வாசிக்கப் போகிறார்கள். ஹார்ப் வாசிப்பவள் மட்டும் வீடு காலி செய்துகொண்டு போகிறாள். தமிழில் இதைப் படிக்கும் ஹார்ப்காரர்கள் எத்தனை பேர் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. மூன்று பேராக இருந்தாலும் சரி, உங்கள் தோள்வலியும் என் தோள்வலியும் ஒன்றுதான். இதை எப்படிப் பார்த்து வாங்குவது, எங்கே வைப்பது, எப்படிக் காப்பது என்பதையெல்லாம் நான் தப்பு செய்துதான் தெரிந்துகொண்டேன். சில தப்புகளை மற்றவர்கள் எனக்காகச் செய்து கொடுத்தார்கள்.

பட்டன்

நான் வாசிக்கும் ஹார்ப், அதாவது வெள்ளைக்காரர்களின் யாழ், தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் உள்ள எங்கள் சர்ச்சுக்குச் சொந்தம். முப்பத்துநான்கு நைலான் கம்பிகள். நிமிர்த்தி வைத்தால் என் தோளுக்கு வரும். பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வந்த ஒரு மிஷன் அம்மா, ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனது. அதே பள்ளியில் நான் இங்கிலீஷ் டீச்சர். காலேஜில் கவிதை படித்தவள், இதுவும் வரும் என்று என் பக்கம் தள்ளிவிட்டார்கள். கவிதை வந்ததோ இல்லையோ, இது வந்துவிட்டது.

போன கிறிஸ்துமஸில் இரண்டாம் பாட்டிலேயே சுருதி கலைந்தது. புது வருஷத்தில் கமிட்டி ஒரு கீபோர்டு வாங்கியது. செக்ரட்டரி ஜெயசீலன் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். எதையும் டெஸ்ட் வைத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டார். ஈஸ்டர் ஆராதனையில் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை சுருதி நின்றால் ஹார்ப் சர்ச்சில் இருக்கும், நிற்காவிட்டால் பின்னால் இருக்கும் சாமான் ரூமுக்குப் போகும் என்றார். அந்த ரூமில் உடைந்த பெஞ்சுகளும் மழைக்காலத்து ஒழுகலும் குடியிருக்கின்றன. ஒரு மழை போதும், ஹார்ப்பின் ஒட்டு எல்லாம் விட்டுவிடும். சொல்லிவிட்டு அவர் கீபோர்டைத் தட்டிக் காட்டினார்.

"இதுல ஒரு பட்டன அமுக்குனா ஆர்ப்பு, இன்னொரு பட்டன அமுக்குனா வயலினு. உங்க ஆர்ப்புல எங்க அமுக்குனா டீச்சர் வயலினு வரும்?"

முதலில் வாசலை அளந்துகொள்ளுங்கள்

எங்கள் பாடகர் குழுவில் ஷீலா என்ற பெண் இருக்கிறாள். தினமும் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள். கமிட்டியின் முடிவைக் கேட்டதும், சர்ச்சில் இல்லாவிட்டாலும் நம் ஊரில் ஒரு ஹார்ப் இருக்க வேண்டும், நான் ஒன்று வாங்குகிறேன் என்று கிளம்பிவிட்டாள். பெங்களூரில் யாரோ ஒருவர் பழைய ஹார்ப் விற்பதாகத் தெரிந்து, ஒரு லீவு நாளில் இருவரும் போனோம். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். தலைப்பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பார், கம்பிகளைப் பிடித்திருக்கும் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் வேண்டாம். முன்பலகையின் நடுவில் லேசாகத் தொப்பை இருந்தால் பயப்படாதே, அது வாசித்துப் பழகிய வாத்தியம். ஆனால் பலகை அடியில் சேரும் இடத்தில் நகம் நுழைந்தால் எழுந்து வந்துவிடு. ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக மீட்டி அதிர்வு நிற்கும் வரை கேள். விற்பவர் பேசிக்கொண்டே இருந்தால் அவரை டீ குடிக்க அனுப்பு.

ஷீலா எதையும் கேட்கவில்லை. அங்கே நின்றது ஆளுயரத்தைத் தாண்டிய ஹார்ப். அதன் முன் தூணின் உச்சியில் தங்க முலாம் பூசிய தேவதை. ஷீலாவின் கண் தேவதையைவிட்டு இறங்கவில்லை. எனக்கோ சாம்பியன் ரீப்ஸில் அவள் வீட்டு வாசல்தான் ஞாபகம் வந்தது. மைன்ஸ் காலத்து லைன் வீடு. நானே குனிந்துதான் நுழைவேன். தேவதை நுழைய வேண்டுமானால் இடுப்போடு மடங்க வேண்டும். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று ஷீலா போட்டோ எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் மாமியார் போனை எட்டப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"ஏம்மா, இது நிக்கற எடத்துல ஒரு கட்டிலப் போட்டா ரெண்டு பேரு படுக்கலாமே."

ஆக, ஊரில் இருக்கும் ஒரே ஹார்ப் எங்களுடையதுதான் என்பது உறுதியாயிற்று.

ரோப்பு

ஈஸ்டருக்கு முன்னால் கவனித்துக்கொள்ளலாம் என்று ஹார்ப்பை ஆட்டோவில் படுக்கவைத்து, ஸ்கெலட்டன் என்ற குடியிருப்பில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். (படுக்கவைக்கும்போது கம்பிப் பக்கம் மேலே இருக்க வேண்டும். ஆட்டோக்காரரிடம் உள்ளே நோயாளி என்று சொல்லிவிடுங்கள், பள்ளம் பார்த்து ஓட்டுவார்.) வந்த வாரமே எனக்கு வேலூரில் கண் ஆபரேஷன். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு ஆரோக்கியம் அண்ணாவிடம் கொடுத்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், ஹார்ப்பையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அண்ணா மைன்ஸில் ரோப் கேங்கில் இருந்தவர். ஆட்களைப் பாதாளத்துக்கு இறக்கும் கேஜ் தொங்குகிற கம்பிக்கயிறுதான் ரோப்பு. அதைக் கையால் தடவிப் பார்த்து, புரி புரியாகச் சோதித்து, துரு ஏறாமல் கிரீஸ் பூசுவது அவர் வேலை. ஒரு வாரம் கழித்து நான் வந்து உட்கார்ந்து கை வைத்தேன். விரல் வழுக்கிக்கொண்டு போனது. கம்பியிலிருந்து சளி பிடித்த குரல் வந்தது. முப்பத்துநான்கு கம்பிக்கும், ஒன்று விடாமல், மேலிருந்து கீழ்வரை கிரீஸ்.

இரண்டு நாள் துடைத்தேன். உங்களுக்கு இப்படி நேர்ந்தால் பழைய பருத்தி வேட்டித் துணியை எடுத்து, ஒவ்வொரு கம்பியாக, உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள். மண்ணெண்ணெய், சோப்பு எதுவும் வேண்டாம். வாசிக்கும் முன் கை கழுவினால் போதும், கம்பிக்கு வேறு எந்த மருந்தும் கிடையாது. நான் துடைப்பதை அண்ணா வருத்தத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொடைக்காதீங்க டீச்சர். காஞ்ச ரோப்புல நான் ஒரு ஆளையும் எறக்குனது இல்ல."

சோப்பு டப்பா

மார்ச்சில் எங்கள் ஊர்க் காற்று அப்பளம் மாதிரி இருக்கும். மரம் சுருங்கும். சுரங்கக் கழிவு மேடுகளிலிருந்து வெள்ளைத் தூசு வேறு பறந்து வரும். ஹார்ப்பைப் பழைய பெட்ஷீட்டால் மூடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், உள்ளே வேர்க்கும். ஜன்னலுக்கும் ஃபேனுக்கும் நேராக வைக்காதீர்கள். ஒரு சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சை வைத்து, முதுகுப்பக்க ஓட்டை வழியாக ஹார்ப்பின் வயிற்றுக்குள் வைத்துவிடுங்கள். மரம் அந்த ஈரத்தைக் குடித்துக்கொள்ளும்.

கம்பியைத் துடைத்து முடித்து ஹார்ப்பைச் சர்ச்சுக்குத் திரும்பக் கொண்டுபோனதும் இதைச் செய்தேன். சர்ச்சைக் கூட்டித் துடைக்கும் மேரியிடம் சொல்ல மறந்துவிட்டேன். மேரி தெருக்குழாயில் குடத்தோடு நின்று பழகியவள். டப்பாவை வெளியே எடுத்து, மோந்து பார்த்து, சோப்பு இல்லை என்று கண்டுபிடித்து, என்னிடம் விளக்கம் கேட்டாள். சொன்னேன்.

"நம்மளுக்கு வாரத்துக்கு ஒரு நாளு தண்ணி. இது வயித்துக்குள்ளயே தண்ணி வெச்சிகினு கீதா?"

மறுநாளிலிருந்து ஸ்பாஞ்சை அவளே நனைத்து வைத்தாள். நான் நனைத்ததைவிடச் சிக்கனமாக.

அறுவதற்கு முன்னால்

ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஆரோக்கியம் அண்ணா சர்ச்சுக்கே வந்துவிட்டார். அவர் கத்தோலிக்க மாதா கோவில்காரர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, விருந்தாளி மாதிரி உள்ளே வந்தார். கிரீஸுக்குப் பிராயச்சித்தமாகக் கம்பிகளைச் சோதித்துக் கொடுக்கிறேன் என்றார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவினார். என் ஆபரேஷன் செய்த கண்ணுக்குத் தெரியாதது அவர் விரலுக்குத் தெரிந்தது. ஐந்து கம்பிகள் மேல் ஆணியில் உரசுமிடத்தில் நைந்திருந்தன. இப்போதே மாற்றிவிடச் சொன்னார்.

எனக்கு மனசில்லை. புதுக் கம்பி இழுபட்டு இழுபட்டு, சுருதியில் நிற்க வாரக்கணக்கில் ஆகும். பழையது இன்னும் ஒரு ஈஸ்டர் தாங்கும், அறுந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். எல்லா ஹார்ப்காரர்களும் சொல்வதுதான், நீங்களும் சொல்லியிருப்பீர்கள். அண்ணா குரலை உயர்த்தவில்லை.

"அறுந்தப்புறம் போறதுக்குப் பேரு ரிப்பேரு இல்ல டீச்சர். பாடி எடுக்கறது."

என் வீட்டுக்காரர் மைன்ஸில் ஷிப்டுக்குப் போன வருஷங்களில் அவரை இறக்கி ஏற்றிய ரோப்பு இவர் கைபட்டதுதான். ஒரு நாள் தவறாமல் மேலே வந்தார். கடைசியில் வீட்டுக் கட்டிலில்தான் கண்ணை மூடினார். நான் புதுக் கம்பிப் பெட்டியைத் திறந்து ஐந்து கம்பிகளையும் மாற்றினேன். மூன்று வாரமும் காலையும் மாலையும் போய் முறுக்கி முறுக்கிச் சுருதிக்குக் கொண்டுவந்தேன். நீங்களும் மாற்றுங்கள், ஆனால் விசேஷத்துக்கு முந்தின நாள் மாற்றாதீர்கள்.

ஈஸ்டர்

காலை ஒன்பது மணி ஆராதனை. பெங்களூருக்குக் குடிபோனவர்களெல்லாம் பிள்ளைகுட்டியோடு வந்திருந்தார்கள். பெஞ்சு போதாமல் சுவரோரம் நின்றார்கள். ஜெயசீலன் டெஸ்ட்டை எழுதியே வைத்திருந்தார்: எல்லாப் பாட்டுக்கும் ஹார்ப்; கடைசிப் பாட்டுக்கு மட்டும் கீபோர்டும் சேர்ந்து வாசிக்கும். யார் சுருதி தப்பியது என்று அப்போது சபைக்கே தெரிந்துவிடும்.

முதல் பாட்டு கண்ணாடி மாதிரி நின்றது. பிறகு போதகர் ஐயர் பிரசங்கத்துக்கு ஏறினார், இறங்கவில்லை. ஏப்ரல் வெயில், அத்தனை பேருடைய மூச்சு. சூடு ஏறினால் நைலான் தளரும். விரல் நுனியில் எனக்குத் தெரிந்தது, கம்பிகள் இறங்கிக்கொண்டிருந்தன. பிரசங்கத்தின் நடுவில் சுருதிச் சாவியை எடுத்து முறுக்க முடியுமா? சாமான் ரூமின் பூட்டு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றே ஒன்று கவனித்தேன்: புதுசும் பழசுமாக முப்பத்துநான்கும் சேர்ந்தே இறங்கியிருந்தன. நைந்த ஐந்தும் இருந்திருந்தால் அவை தனியாக ஊளையிட்டிருக்கும்.

பிரசங்கம் முடிந்து இரண்டு பாட்டு. கம்பி கொடுத்த தாழ்ந்த சுருதியிலேயே பாட்டை எடுத்தேன், சபை என்னோடு பாடியது. பத்துப் பாட்டுக்கு ஒருமுறை வாய் திறக்கும் ஆண்கள்கூட, சுருதி தாழ்ந்திருந்ததாலோ என்னவோ, தாராளமாகப் பாடினார்கள். கடைசிப் பாட்டில் கீபோர்டு சேர்ந்தது. அது சரியான சுருதியில்தான் இருந்தது, பாவம். ஆனால் முந்நூறு தொண்டையும் ஹார்ப்பும் ஒரு பக்கம், அது ஒண்டியாக மேலே. பல்லில் மணல் கடிபட்ட மாதிரி எல்லாருடைய முகமும் கீபோர்டு பக்கம் திரும்பியது. ஷீலா பாட்டுப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டாள். இரண்டாம் சரணத்தில் ஜெயசீலன் எழுந்து போய்க் கீபோர்டின் சுவிட்சை அணைத்தார்.

ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்தார். முகம் சிறுத்திருந்தது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"ஒண்ணும் சொல்லாதீங்க டீச்சர், நானே கேட்டேன். புது மிசினு, அதுக்குள்ள சுதி போச்சி, கம்பெனிக்கு எழுதறேன். உங்க ஆர்ப்பு சர்ச்சுலயே இருக்கட்டும்."

சுருதி இறங்காத ஹார்ப் எந்த ஊரிலும் கிடைக்காது என்பதால், இறங்கும்போது சபையையும் கூடவே இறக்கிக்கொண்டு போகிற ஒன்றாகப் பார்த்து வாங்குங்கள்.