எண்ணெயில் விழுந்த செப்பு வளையம்

யுத்தத்துக்கு முன்பு, சீமைக்குத் திரும்பவிருந்த ஒரு துரையிடம் இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ரேஸ் கார் ஒன்றை வாங்கியிருந்தேன். அதற்கு எண்ணெய் மாற்ற நான் யாரையும் நம்புவதில்லை. பூந்தமல்லி வீட்டு வாசலில் நானே காருக்கு அடியில் மல்லாந்து படுத்துவிடுவேன்.

அன்று கறுத்துப்போன எண்ணெயைத் தகரச் சட்டியில் வடித்து, சாக்கடையில் ஊற்றப் போனேன். வைக்கோல் வண்டியோடு வந்த பெரியவர் ஒருவர் தடுத்தார்.

"கீழ ஊத்தாதீங்க சாமி. நம்ம வண்டி அச்சுக்கு ஆவும்."

அவர் நீட்டிய கலயத்தில் சாய்த்துக் கொடுத்தேன். அவர் போனபின் எண்ணெய் வடித்த துளையின் அடைப்புத் திருகை முடுக்கிப் புது எண்ணெயை ஊற்றினால், அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. திருகோடு இருக்கவேண்டிய செப்பு வளையத்தைக் காணோம். வாசல் முழுக்கத் தேடினேன்.

"அந்த வண்டிக்காரன்தான் எடுத்துக்கினு போய்ட்டான், திருட்டுப் பய!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

"எடுத்ததைப் பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"பாக்க வேற வேணுமா?"

மறுநாள் காலை அந்தப் பெரியவர் வேலப்பன்சாவடியிலிருந்து நடந்தே வந்தார். கையில் வாழையிலைத் துண்டு, அதற்குள் வளையம்.

"எண்ணெய்க்கு அடியில கெடந்துச்சு சாமி. இது இல்லாங்காட்டி உங்க வண்டி நின்னுகினு இருக்குமேன்னு வந்தேன். ரொம்பத் தேடினீங்களா?"

மனைவி கதவருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லையே, தேடவே இல்லை" என்றேன்.

வளையத்தைப் போட்டதும் ஒழுகல் நின்றது. அந்தக் காரை விற்று எத்தனையோ வருஷமாகிவிட்டது. தெருவே கேட்கத் திட்டிய எனக்கு, அவர் ஒருவர் காதில் விழும்படி மன்னிப்புக் கேட்க அன்று வாய் வரவில்லை.