பின்வரிசைக்குப் பெயர் கிடையாது

பழைய பஸ்ஸைக் காட்டிப் பிழைக்கிறவளுக்கு முதலில் வேண்டியது வாய், அடுத்தது அதை மூடிக்கொள்ளும் பொறுமை. எனக்கு இரண்டாவது கிடையாது. செம்பூர்ப் பக்கம் ஒரு போக்குவரத்து மியூசியத்தில் பதினாறு வருடமாக கைடு. டிராம், டபுள்டெக்கர், டிக்கெட் பஞ்ச், பழைய போட்டோக்கள் என்று இருக்கிறதற்கெல்லாம் விளக்கம் சொல்வேன். மேலதிகாரி முன்னால் நின்று பல்லைக் கடித்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், என் கோபம் புரியும்.

போர்டில் இல்லாத தாத்தா

மாஹிமிலிருந்து ஒரு பள்ளிக்கூடம் வந்தது. எங்கள் பெரிய ஹாலில் ஒரு குரூப் போட்டோ உண்டு. பணிமனையில் புதுப்பித்த டபுள்டெக்கருக்கு முன்னால் ஆறு அதிகாரிகள் நாற்காலியில். பின்னால் இருபது தொழிலாளிகள் நின்றபடி. கீழே போர்டில் அந்த ஆறு பேரின் பெயர், பதவி, பட்டம், கடைசியில் 'மற்றும் தொழிலாளர்கள்'. நாற்காலி கிடைத்தவனுக்குத்தான் பெயர் என்பது அந்தக் காலத்து குரூப் போட்டோ வழக்கம்.

ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஓரத்தில் மட்கார்டில் கை வைத்து நின்றவரைக் காட்டி, "இது எங்க தாத்தா" என்று ஹிந்தியில் சொன்னாள். டீச்சர் போர்டைப் பார்த்தார். வெட்கக்கேடு, நானும் போர்டைத்தான் பார்த்தேன். பதினாறு வருடம் அந்த ஆறு பெயரைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்திருக்கிறேனே தவிர, பின்னால் நிற்பவர்கள் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கூட வந்த பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து வரிசைக்குள் தள்ளிவிட்டுச் சொன்னார்: "பேர் எங்கே இருக்கு? பொய் சொல்லக் கூடாது."

முகமும் ரெக்கார்டும்

ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா வந்து நின்றாள். பெயர் செல்வக்கனி, தாராவியில் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறாள். பெண் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுகிறாளாம். வகுப்பில் எல்லாரும் பொய்க்காரி, பொய்க்காரி என்றுதான் கூப்பிடுகிறார்களாம். செல்வக்கனியின் கையில் அவள் அப்பா ஓய்வுபெற்றபோது கொடுத்த கடிதம்: முத்தையா, பணிமனை, டோக்கன் 417. டோக்கன் என்பது தொழிலாளிக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்த பித்தளை வில்லை. காலையில் கேட்டில் அதை எடுத்துக்கொண்டுதான் உள்ளே போக முடியும்.

நேராக எங்கள் சீஃபிடம் கூட்டிப்போனேன். கடிதத்தை ஒரு விரலால் தள்ளிவிட்டு, "முத்தையா இங்கே வேலை பார்த்தார், சரி. இந்த ஆள்தான் முத்தையான்னு யார் சொன்னது?" என்றார். ஹிந்தியில் ஆரம்பித்த செல்வக்கனி கோபத்தில் தமிழுக்கு வந்துவிட்டாள்: "நான் சொல்லுதேன்லா! பெத்த அப்பன் மொகம் எனக்குத் தெரியாதா?" நான் அதை வரி விடாமல் மொழிபெயர்த்தேன், சூடும் குறையாமல். சீஃப் சாயா டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னார்: "முகமெல்லாம் ரெக்கார்டு ஆகாது மேடம்."

முதல் மெமோ

அவளை அங்கேயே உட்காரவைத்துவிட்டு, ஹாலுக்குப் போய் ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினேன். அனுமதி கேட்கவில்லை, கேட்டால் அதற்கு ஒரு ஃபைல் திறப்பார்கள், நான் ரிட்டயர் ஆகும்போது மூடுவார்கள். படத்தின் பின்பக்கம், யார் யாருக்குப் பிரதி கொடுப்பது என்று போட்டோக்காரர் பென்சிலால் எழுதிவைத்திருந்தார். முன்வரிசைக்கு முழுப் பெயர்கள். பின்வரிசைக்கு வெறும் எண்கள். மட்கார்டு ஓரத்தில் நிற்கிறவருக்கு 417.

எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், மறு பக்கம் ரத்தம் கொதித்தது. இருபது மனிதர்களை ஒருத்தன் எண்ணாக எழுதியிருக்கிறான், நாங்கள் அதையும் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டியிருக்கிறோம்! படத்தைத் தூக்கிக்கொண்டுபோய் சீஃபின் மேஜையில் வைத்தேன். முதலில், கழற்றியதற்கு எனக்கு ஒரு மெமோ எழுதினார். பிறகு எண்ணைச் சரிபார்த்து, "ஒத்துப்போகுது, புது போர்டில் சேர்த்துடலாம்" என்றார். எழுதியும் காட்டினார்: ஆறு அதிகாரிகளின் பெயர், அதற்குக் கீழே 'டோக்கன் 417'.

"பேர் கடிதத்துலயே இருக்கே சார், கண் தெரியலையா?" என்று கத்திவிட்டேன். படத்தில் இருக்கிறது எண், ரெக்கார்டில் என்ன உண்டோ அதுதான் போர்டில் வரும் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தார். செல்வக்கனி கத்தவில்லை. அந்தத் தாளை அவர் பக்கமே திருப்பி வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "நம்பரு பஸ்ஸுக்கு ஒட்டச் சொல்லுங்கக்கா. எங்க ஐயாவுக்குப் பேரு இருக்கு."

படத்துக்குக் கீழே நான் கையால் எழுதி ஒட்டிய 'முத்தையா'வைப் பேத்தி போட்டோ எடுத்துப் பள்ளிக்கூடத்தில் காட்டியாயிற்று. சீஃப் அதைக் கிழித்து ஆளுக்கு முன்னால் ஒரு மெமோ நீட்டிக்கொண்டும் நான் மறுபடி ஒட்டிக்கொண்டும் இருக்கிறோம், அவரிடம் மெமோ தாள் தீர்வதற்குள் மீதிப் பத்தொன்பது பேரின் பெயரையும் கண்டுபிடித்துவிட வேண்டுமே என்பதுதான் இப்போதைக்கு என் கவலை.