முந்திக்கொண்ட சிரிப்பு

மக்டலீன் ஜெர்மனியில் டோர்ட்மண்ட்டிலிருந்து ரயிலேறிப் போய் வேலை செய்த இடம், ஆங்கிலேயப் படைமுகாம் ஒன்றின் உணவுக்கூடம். இரண்டாம் உலகப்போரில் வென்று வந்தவர்கள், அறுபது வருடமாகியும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் இருந்தார்கள். வந்த இடத்தில் தங்கிவிடுவது அவர்களுக்குப் பழக்கம்தானே.

அங்கே சமையல்காரன் டெக்லன், அயர்லாந்துக்காரன். வருடக்கணக்காக அவர்களுக்கு முட்டை பொரித்துப் போடுகிறான். ஒருவரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அயர்லாந்துக்காரர் எல்லாருக்கும் வைத்திருக்கும் பட்டப்பெயர்தான். சட்டி விழுந்து சத்தம் கேட்டால், "குண்டு வைத்துவிட்டாயா?" என்பார்கள்; அயர்லாந்து இயக்கக்காரர் லண்டனில் குண்டு வைத்த காலத்துப் பகிடி அது. டெக்லன் எல்லாருக்கும் முந்திச் சிரிப்பான்.

அந்தச் சிரிப்பு மக்டலீனுக்குப் பழகிய சிரிப்பு. அது அவள் கணவர் சூசைதாசனின் சிரிப்பு. கொழும்புக் கந்தோரில் கூட வேலை செய்தவர்கள் அவரைப் 'புலி' என்று சீண்டுவார்கள். "சிரிச்சுப்போட்டு விட்டால் பிரச்சினை இல்லையப்பா" என்பார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில், தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பலுக்கு வீட்டைக் காட்டிக்கொடுத்தவன், அவரோடு ஒரே மேசையில் சிரித்தவன். அவனைக் கண்டு சிரித்தபடியேதான் சூசைதாசன் கதவைத் திறந்தார். அதோடு அவர் கதை முடிந்தது.

லண்டன் ரயில்களில் குண்டு வெடித்த கிழமை அது. தேநீர் இடைவேளைக்கு இடம்பிடிக்க, மக்டலீன் தன் பையை யன்னலோரக் கதிரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். ஊரில் பஸ் யன்னலால் பையை எறிந்து இடம்பிடித்து வளர்ந்தவளுக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது கூடம் காலி; தனியே கிடந்த பைக்குள் குண்டு என்று எல்லாரையும் வெளியேற்றியிருந்தார்கள். வாசலில் டெக்லனைச் சுவரோடு நிறுத்தி, இரண்டு சிப்பாய்கள் உடம்பைத் தடவிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பை கிடந்த மேசையில் எத்தனையோ பேர் வந்து இருப்பார்கள், பிடித்தது அவனைத்தான். அப்போதும் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

பை தன்னுடையது என்று சொன்னால் வேலை போகும். இந்த வயதில் வேறு யார் எடுப்பார்கள்? ஆனால் சூசைதாசன் திறந்த அந்தக் கதவு மறுபடி திறப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை.

"அது என்ரை பை!" தமிழிலேயே கத்தினாள். பிறகு தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்.

சிப்பாய்களுக்கு மேலான சார்ஜன் பையைத் திறந்தான். சாப்பாட்டுப் பெட்டி, குடை, செபமாலை. எல்லாருக்கும் மூச்சு வந்தது. டெக்லனை விட்டார்கள், மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யாருக்கும் வாயில் வரவில்லை.

சார்ஜன் மக்டலீனின் தோளில் தட்டினான். "உங்கள் ஊரிலும் குண்டு வைப்பார்களாமே? இனி உன்னிலும் ஒரு கண் வைக்கவேண்டும்!"

சிப்பாய்கள் வாய் திறப்பதற்குள் ஒரு சிரிப்பு முந்திக்கொண்டது. டெக்லன் சிரிக்கவில்லை. அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். மக்டலீன் தன் வாயைப் பொத்தினாள். கைக்குள்ளும் அது நிற்கவில்லை.