இறங்குவதற்கு ஒரு கல்

பெடல் இல்லாத சைக்கிளை நான் அதுவரை பார்த்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலை நடைக்குப் போனபோது, ராஜா அண்ணாமலைபுரத்தில் பூங்காச் சுவரை ஒட்டிய குறுக்குத் தெருவில் பார்த்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி அதன்மேல் உட்கார்ந்திருந்தார். தலையில் ஹெல்மெட், முழங்கால்களிலும் முழங்கைகளிலும் கறுப்புப் பட்டைகள். இரண்டு கால்களாலும் தரையை உந்தி உந்தி, கரையேறிய வாத்துபோல முன்னேறிக்கொண்டிருந்தார். கூடவே ஓடிவந்த இளம்பெண், "பிரேக் புடிங்க ஆன்ட்டி... காலை ஊனுங்க... நின்னுட்டீங்க பாருங்க, சூப்பர்!" என்று கை தட்டினாள்.

நின்றதற்குக் கைதட்டலா? ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்கு அன்றைய சாப்பாடு ஜீரணமாகாது. அருகில் போய், "பெடல் எங்கேம்மா?" என்று கேட்டேன்.

"கழட்டி வெச்சிருக்கேன் அங்கிள். முதல்ல நிக்கக் கத்துக்கணும். நிக்க வந்துட்டா பயம் போயிடும். அப்புறம் பெடலை மாட்டினா ஓட்டறது தானா வந்துடும்."

என் பக்கத்தில் நின்ற என் மனைவி வசந்தா, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். "இதை இவர்கிட்ட அம்பது வருஷம் முன்னாடி யாராவது சொல்லியிருக்கணும்மா" என்றாள்.

கழற்றிய பெடல்களைப் பூங்காச் சுவரின்மேல் ஒரு பழைய துணியில் வைத்திருந்தாள் அந்தப் பெண். கறுத்த கிரீஸ் மணம் அதிலிருந்து வந்தது. சைக்கிள்களின் உருவம் எவ்வளவோ மாறிவிட்டது, அந்த மணம் மட்டும் அப்படியே இருப்பது ஏன் என்று தெரியவில்லை. அதை முகர்ந்தவுடன் எனக்கு என் மாமாவின் சைக்கிள் ஞாபகம் வந்தது.

மாமா ஆறடி உயரம். அவருடைய சைக்கிள் அதற்கேற்ற இருபத்துநாலு அங்குல வண்டி. நடுவில் தடித்த பார், பின்னால் ஓர் ஆளைப் படுக்கவைக்கலாம் போன்ற கேரியர், சக்கரத்தில் உரசி விளக்கை எரிய வைக்கும் டைனமோ. எனக்கு அடையாறில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை கிடைத்ததும், "பஸ்ஸுக்கு நின்னு வீணாப் போகாதே" என்று அதை எனக்குக் கொடுத்துவிட்டார். என் உயரத்தைச் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன். சீட்டில் உட்கார்ந்தால் பெடல் கீழே போகும்போது கட்டைவிரல் நுனி மட்டும் அதைத் தொடும். தரை என்பது வேறொரு தேசம்.

வேலைக்குச் சேரும்வரை எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மந்தைவெளியில் என் வயதுப் பையன்களெல்லாம் வாடகை சைக்கிளில், பாருக்குக் கீழே இருக்கும் முக்கோணத்துக்குள் காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு குரங்குப் பெடல் போட்டார்கள். என் அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. தெருவில் பெல் சத்தம் கேட்டாலே வாசலுக்கு வந்து என்னைத் தேடுவாள். அதனால் நான் எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு, ஒரு சக்கரத்தில் எத்தனை கம்பிகள் என்று எண்ணுவதோடு நிறுத்திக்கொண்டேன். முன்சக்கரத்தில் முப்பத்திரண்டு, பின்சக்கரத்தில் நாற்பது. இந்த வித்தியாசம் ஏன் என்று அப்போது நான் கேட்காத ஆள் இல்லை. பின்னால்தான் பாரம் அதிகம் என்று ஒருவர் சொன்னார். இருக்கலாம்.

எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது தனபால். என்னோடு அதே நாளில், அதே சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். சாந்தோம் கடற்கரைக் குப்பத்திலிருந்து வருவான். காலையில் மணலை ஒட்டிய தெருவில் என்னைத் தூக்கி சீட்டில் உட்காரவைத்து, கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவான்.

"கீழ பாக்காத நைனா! ரோட்டு மேல இன்னா கீது, துட்டா கொட்டிக் கீது? நேரா பாரு!"

நேராகப் பார்த்தேன். எந்த நொடியில் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, சைக்கிள் என் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. நிற்கும்போது விழுகிற பொருள் ஓடும்போது ஏன் விழுவதில்லை? பிற்பாடு ஒரு பௌதிகப் பேராசிரியரைக் கேட்டேன். காகிதத்தில் நிறைய அம்புக்குறிகள் போட்டார். கடைசியில், "ஓட்டிப் பாத்தா தெரியும்" என்றார். அதைத்தான் தனபாலும் சொன்னான்.

அன்று என்னை ஒரு மீன்வண்டியின்மேல் சாய்த்து இறக்கிவிட்டு, "ஓட்றது முடிஞ்சிது. ஏர்றதும் எறங்குறதும் நாளைக்கு" என்றான்.

அந்த 'நாளைக்கு' வரவேயில்லை. அன்று மாலையே அவனுக்கு மதுரைக் கிளைக்கு மாற்றல் உத்தரவு வந்தது, இரவு ரயிலில் போய்விட்டான்.

உயரமான சைக்கிளிலிருந்து இறங்குவது சின்ன வேலையில்லை. வண்டி மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்போதே வலது காலை கேரியருக்கு மேலாகச் சுழற்றி, இடது பெடலில் ஒற்றைக் காலில் நின்று, அப்படியே தரைக்குக் குதித்து, கூடவே இரண்டடி ஓட வேண்டும். நான் தனியாக ஒரு முறை முயன்றேன். பார் என்னைத் தாக்கிய இடம் மருத்துவரிடம்கூடச் சொல்லக்கூடிய இடமில்லை. அதோடு அந்த ஆராய்ச்சியை விட்டுவிட்டேன். வேறு யாரிடமாவது கேட்டிருக்கலாம். வேலைக்குப் போகிற ஆள், தினமும் ஓட்டிக்கொண்டு போகிற ஆள், "இறங்குவது எப்படி?" என்று எப்படிக் கேட்பது?

ஆகவே நான் கற்களை நம்பினேன். எங்கள் வாசற்படி, மந்தைவெளியில் ஒரு திண்டு, மழைநீர்க் கால்வாயின் கைப்பிடிச் சுவர், அலுவலக வாசலில் காவலாளி உட்காரும் கல்பலகை. இப்படி வீட்டிலிருந்து அலுவலகம்வரை நான் கால் ஊன்றக்கூடிய இடங்கள் மொத்தம் ஒன்பது. ஏறுவதும் அங்கேதான், இறங்குவதும் அங்கேதான். மற்றவர்களுக்கு அந்தச் சாலை கடைகளாலும் கோயில்களாலும் ஆனது. எனக்கு அது ஒன்பது கற்கள், நடுவே பயம்.

அடையாறு பாலத்தில் கால் ஊன்ற ஒன்றுமே கிடையாது. மாலையில் கடல்காற்று வலுத்தால் சைக்கிள் நகராது, நிற்கவும் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பேன். பாலம் தாண்டியதும் குடைக்கடியில் போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் கையை நீட்டுவார். எல்லோரும் நிற்பார்கள். நான் மட்டும் சட்டென்று இடது பக்கச் சந்தில் புகுந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவேன். கை இறங்கியிருக்காவிட்டால் இன்னொரு சுற்று. ஒருநாள் அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கத்தினார்: "யோவ்! டெய்லி இன்னாத்துக்கு என்னியே சுத்தி சுத்தி வர? நான் இன்னா கோயிலா?"

இதில் ஒரு விசித்திரம், எனக்குத் தெருவில் நல்ல பெயர் கிடைத்தது. யார் கூப்பிட்டாலும் நிற்காமல், "வரேன் மாமா", "அப்பறம் பேசலாம் மாமி" என்று சொல்லிக்கொண்டே போய்விடுவேன் அல்லவா? பொறுப்பான பையன், அரட்டை அடிக்கமாட்டான் என்றார்கள். அந்த நல்ல பெயரால்தான் வசந்தாவின் ஜாதகத்தோடு என் ஜாதகத்தைப் பார்க்கலாம் என்று அடுத்த தெருவிலிருந்து பேச்சு வந்தது. பொருத்தம் இருந்தது. இரண்டு வீட்டிலும் தலையை ஆட்டினார்கள், ஆனால் யாரும் வாயைத் திறந்து முடிவாகச் சொல்லவில்லை.

வசந்தா அப்போது ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. மாலையில் மந்தைவெளிக்கு நடந்தே திரும்புவாள். அதே நேரத்துக்கு நானும் அந்தச் சாலையில் வருவேன். பார்ப்பேன். அவளும் பார்ப்பாள். பெல்லை ஒருமுறை மெதுவாக அடித்துவிட்டுப் போய்விடுவேன். வேறென்ன செய்ய? அந்தச் சாலையில் எனக்கு ஒரே ஒரு கல்தான் உண்டு. மாநகராட்சி எப்போதோ நட்டு மறந்துபோன எல்லைக்கல், முழங்கால் உயரம். நான் அந்த இடத்தைக் கடக்கும்போது அவள் ஒருநாளும் அதன் பக்கத்தில் இருந்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் சாலைக்கே இறங்கி வந்து, "ஒரு நிமிஷம் நில்லுங்கோ" என்றாள்.

அன்று அந்தச் சாலையில் வண்டிகள் அபூர்வம். நான் ஹாண்டில்பாரைத் திருப்பி அவளைச் சுற்றி வந்தேன்.

"சொல்லுங்கோ."

"நின்னுண்டு பேசலாமே?"

"பரவாயில்லை, சொல்லுங்கோ." இதை அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னேன்.

அவளும் என்னோடு சேர்ந்து திரும்பிக்கொண்டே பேசினாள். "நாளன்னிக்கு டெல்லிலேர்ந்து ஒருத்தர் என்னைப் பெண் பார்க்க வரார்."

"அப்படியா!"

"அப்பா கேக்கறார், உங்களுக்கு இதுல இஷ்டமா இல்லையான்னு எனக்கு ஏதாவது தெரியுமான்னு. இஷ்டமில்லைன்னு சொல்லிடப்போறேன்."

சைக்கிள் ஓர் ஆட்டம் ஆடிச் சமாளித்துக்கொண்டது. "ஏன்?"

"ஏனா? தினம் பார்க்கறேள். ஒருநாளாவது நின்னேளா? ஊர்ல இருக்கறவாளெல்லாம் சைக்கிள்லேர்ந்து இறங்கி ஒரு வார்த்தை பேசறா. இதோ, இவ்வளவு சொல்றேன், இப்பக்கூட நிக்கமாட்டேங்கறேள்." அவள் என்னோடு சேர்ந்து சுற்றுவதை நிறுத்தினாள். "எனக்குத் தலை சுத்தறது. நான் போறேன்."

"போகாதீங்கோ! அந்தக் கல்லுக்கு வாங்கோ!"

"எந்தக் கல்லு?"

அதற்குள் நான் மிதித்துவிட்டேன். கல்லில் இடது காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தால், அவள் போன திசையிலேயே கொஞ்சம் நின்றாள். பிறகு குடையை இடுக்கிக்கொண்டு என்னை நோக்கி நடந்து வந்தாள். அதைவிட மெதுவாக ஒருவர் நடந்து நான் பார்த்ததில்லை.

"இங்க நிக்கத் தெரியறதே. அங்க நின்னா என்ன?"

"அங்க முடியாது. எனக்கு ஓட்டத் தெரியும். இறங்கத் தெரியாது. கல்லு இருந்தாத்தான் நிப்பேன்."

அவள் கல்லைப் பார்த்தாள். அதன்மேல் இருந்த என் செருப்பைப் பார்த்தாள். குனிந்து, அந்தப் பக்கம் அந்தரத்தில் தொங்கிய என் வலது காலையும் பார்த்தாள்.

"அப்போ தினமும்..."

"தினமும் நிக்கணும்னுதான் நெனைச்சேன். நீங்க கல்லுகிட்ட வரவே மாட்டேங்கறேளே!"

முதலில் குடை விழுந்தது. அப்புறம் கைப்பை. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள், எதிர்வீட்டு வாசலுக்கு ஆள் வந்து பார்க்கும் அளவுக்கு. எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டு கேட்டாள்: "இஷ்டந்தானே?"

"இஷ்டந்தான். ஆனா டெல்லிக்காரருக்கு இறங்கத் தெரிஞ்சிருக்கும்."

"இருக்கட்டும்" என்றாள்.

கல்லின் உதவியால் கீழே இறங்கி, மந்தைவெளி முனைவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவளோடு நடந்தேன். கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து தனபால் வந்தான். மணமேடைக்கே ஏறிவந்து காதில் கேட்டான், "எறங்கக் கத்துக்கினியா நைனா?" இல்லை என்றேன். "அட, எறங்கத் தெரியாமயே இதுல வேற ஏறிக்கினியா!" என்று மேளச் சத்தத்தையும் மீறிச் சிரித்தான். வசந்தாவுக்கும் கேட்டுவிட்டது. அடுத்த மாதம் அவளே என்னைக் கடைக்கு அழைத்துப்போய், கால் எட்டும் சைக்கிளாகப் பார்த்து வாங்கவைத்தாள். அதனால் ஓடுகிற சைக்கிளிலிருந்து இறங்குகிற வித்தையை நான் கடைசிவரை கற்றுக்கொள்ளவேயில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, பெடல் இல்லாத சைக்கிளைப் பார்த்த கையோடு, அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருவரும் கிளம்பினோம். கடைசியாக நான் கவனித்தபோது, தாரின்மேல் தார் போட்டுப் போட்டு, முழங்கால் உயரக் கல் கணுக்கால் உயரத்துக்கு அமிழ்ந்திருந்தது. இப்போது அங்கே சாலையே இல்லை. மெட்ரோ வேலைக்காக இரண்டு பக்கமும் தகரத்தை நிறுத்தி, நடுவே பள்ளம் தோண்டியிருக்கிறார்கள்.

"இங்கதான் இருந்தது, அந்த விளக்குக் கம்பத்துக்கு நேரா" என்றேன்.

"இல்லை, அந்தத் தூங்குமூஞ்சி மரத்துக்குக் கீழ. நான்தானே நடந்து வந்தேன், எனக்குத் தெரியாதா?"

விளக்குக் கம்பமும் இல்லை, மரமும் இல்லை. இல்லாத இரண்டை வைத்து இல்லாத மூன்றாவதைத் தேடிக்கொண்டு நின்றோம். அதற்குள் ஒளிரும் பச்சைச் சட்டை போட்ட ஒருவர், சிவப்புக் கொடியை ஆட்டியபடி தகரத்தின் இடைவெளியிலிருந்து வந்தார்.

"பெருசு, இங்கல்லாம் நிக்கக் கூடாது. லாரி ரிவர்ஸ்ல வருது. போய்க்கினே இரு."

நான் பதில் யோசிப்பதற்குள் வசந்தா முந்திக்கொண்டாள்.

"அது அவருக்கு நன்னா வரும்பா. நிக்கறதுதான் வராது. அதுக்குன்னு ஒரு கல்லு இருந்தது, அதையும் எடுத்துட்டேளே."