ஐஸில் போன சரக்கு

பழவேற்காட்டிலிருந்து இறாலை மெட்ராஸுக்கு அனுப்ப ஒரே வழிதான்: கீழே ஒரு அடுக்கு ஐஸ், நடுவில் இறால், மேலே இன்னொரு அடுக்கு ஐஸ். எண்பதுகளின் கடைசியில் கரையில் இறால் வாங்கி, கம்பெனி வண்டியில் ஏற்றிவிடுவது என் தொழில். ஐஸை நம்பினவன் கெட்டதில்லை என்று ஊருக்கே உபதேசம் செய்துகொண்டிருந்தேன்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. மெட்ராஸில் ஒரு டாக்டரம்மா என் மனைவிக்கு மயக்கம் கொடுத்துச் சோதித்துவிட்டு, கருக்குழாய் இரண்டும் அடைத்திருக்கிறது என்றார்.

"முட்டையை வெளியில எடுத்து, லேப்ல ஒரு தட்டுல வச்சு, உங்க வீட்டுக்காரரோட விந்தணுவை அதுல விட்டுப் பார்க்கலாம். இங்க இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கோம்."

பிறகு என் பக்கம் திரும்பினார். அதுவரை நான் துணைக்கு வந்தவன் மாதிரி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தட்டுல விட்டுட்டா தானா நடந்துடாது. நிறைய இருக்கணும், நல்லா நீந்தணும். நீந்தாதது முட்டைக்குள்ள போகாது. அதனால முதல்ல உங்களைப் பார்த்துடலாம். அது சரியில்லன்னா, இவங்களுக்கு வீணா ஊசி போட மாட்டேன்."

எட்டு வருஷமாக ஊரார் வாயில் விழுந்து அரைபட்டவள் அவள். இனி எல்லாம் என் கையில். உண்மையிலேயே என் கையில்.

லேப்காரர் ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்துக் கக்கூஸைக் காட்டினார். தாழ்ப்பாள் இல்லை. ஒரு காலால் கதவை முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றால் உலகத்தில் எந்த ஆண்மகனுக்கும் கவனம் கதவில்தான் இருக்கும். அரைமணி கழித்துக் காலி பாட்டிலோடு வெளியே வந்தேன்.

"முடியலன்னா வூட்ல எடுத்துனு வாங்க. கெடாம சீக்கிரம் கொண்டாங்க, அவ்ளோதான்" என்றார். என் வீடு எங்கே என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கெடாமல் கொண்டுபோவதா? அதில் எனக்கே பாடம் எடுப்பதா? மறுவாரம் விடியற்காலையில் ஒரு தூக்குச் சட்டியில் ஐஸை நொறுக்கிப் போட்டேன். நடுவில் பாட்டில். மேலே ஒரு அடுக்கு ஐஸ். மூடி போட்டு, ஈரத்துணி சுற்றி, முதல் பஸ் பிடித்தேன்.

பொன்னேரி தாண்டியதும் கண்டக்டர் குனிந்து பார்த்தார். "இன்னா நைனா, தண்ணி சொட்டுது? இறாலா? மேல ஏத்து."

"இறால் இல்ல. மருந்து."

"மருந்துக்கு இறால் வாசனை அடிக்குதே" என்றார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் தூக்கை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

லேப் வாசலில் வெட்கம் வந்துவிட்டது. மீன் தூக்கோடு உள்ளே போவதா? பாட்டிலை வெளியே எடுத்து, துண்டால் துடைத்து, தூக்கைச் செருப்புப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போனேன். எப்போது எடுத்தது என்று லேப்காரர் கேட்டார். "இப்பத்தான்" என்றேன்.

சாயங்காலம் டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எண்ணிக்கை இருக்கு. ஆனா ஒண்ணுகூட அசையல."

திரும்பும் பஸ்ஸில் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். எதனால் இருக்கும்? சைக்கிள் சீட்டா? ஏரியில் இடுப்பளவு உப்புத்தண்ணீரில் நின்றதா? கல்யாணத்தன்று மட்டும் போட்ட இறுக்கமான பேன்ட்டா? பொன்னேரி வருவதற்குள் சைக்கிளை விற்றுவிட்டேன், ஏரியை விட்டுவிட்டேன், பீடியை மூன்று தடவை நிறுத்திவிட்டேன். மூன்றாவது தடவை நிறுத்தும்போது வாயில் பீடி இருந்தது.

வீட்டுக்குப் போய் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "எல்லாம் செத்துப்போச்சாம்."

அவள் நண்டு கட்டிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டார் ஏரியில் கையால் துழாவி நண்டு பிடிக்கிறவர்கள். உயிர் நண்டின் கொடுக்கைக் கயிற்றால் கட்டி, ஈரச் சாக்கில் போட்டுத்தான் மெட்ராஸுக்கு அனுப்புவார்கள். கட்டுவதை நிறுத்தாமலே கேட்டாள்.

"எப்டி எடுத்துனு போன?"

"தூக்குல. ஐஸ் வச்சு."

கை நின்றது. என்னைப் பார்த்தாள். கையிலிருந்த நண்டைப் பார்த்தாள்.

"யோவ். இத்த ஐஸ்ல போட்டா இன்னா ஆவும்?"

"செத்துடும்."

"செத்தது கெடாம இருக்கத்தான்யா ஐஸு. உயிரோட போவ வேண்டியத்த எவனாவது ஐஸ்ல போடுவானா?"

சாக்கின் மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். உள்ளே நண்டுகள் நெளிந்தன. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்போதுதான், என்னைவிட அவள் பயந்துபோயிருந்தது எனக்குத் தெரிந்தது.

டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னபோது அவர் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. "குளிர்லயே எல்லாம் நின்னுபோயிடும். அதுக்கு மேல ரெண்டரை மணி நேரப் பஸ் வேற. உடம்புச் சூட்டுலயே வச்சு, ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டு வரணும். இன்னிக்கு இங்கயே கொடுங்க."

மறுபடியும் அதே கக்கூஸ். இந்தத் தடவை கதவுக்கு வெளியே முதுகைச் சாய்த்து அவளே நின்றாள். "உள்ள ஆள் கீது. அப்பால வா" என்று யாரையோ விரட்டும் குரல் கேட்டது. காதல் வசனமாக அதை எடுத்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

லேப்காரர் முதலில் பார்த்தார். பிறகு எங்களையும் பார்க்கச் சொன்னார். நான் முந்துவதற்குள் அவள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டாள்.

"ஓடுது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "சிலது மட்டும் வேலையத்து ஒரே எடத்துல சுத்திக்கினு கீது. உன்ன மாதிரி."

"சுத்துறதை விட்டுடுவோம். நேரா ஓடுறதைப் பிரிச்சு எடுத்துத் தட்டுல விட்டாப் போதும்" என்றார் பின்னால் வந்து நின்ற டாக்டரம்மா. மேஜைக்குப் போய் என் மனைவியின் பெயரை நோட்டில் எழுதி, முதல் ஊசிக்கு எப்போது வரவேண்டும் என்று சொன்னார்.

ஊருக்குத் திரும்பும்போது, பொன்னேரியில் மாறி ஏறிய பஸ்ஸில் ஒரே ஒரு சீட்தான் காலி. அதன் பக்கத்தில் மரத்தூளும் சாக்கும் சுற்றிய பெரிய ஐஸ் கட்டி, எங்கள் கரைக்குப் போகிற சரக்கு. நான் உட்காரப் போனேன். அவள் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

பழவேற்காடு வரைக்கும் நின்றுகொண்டே வந்தோம்.