மாத்திரையைச் சொல்லாத சாட்சி

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சபையில், எல்லோரும் பார்க்க மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு.

எண்பதுகளின் கடைசி அது. கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருப்பூருக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் நிட்டிங் மெஷின் ஓட்டினார். நான் வேறொரு பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியனை விரித்து ஓட்டை, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்து, தொங்கும் நூலைக் கத்தரித்து அடுக்கவேண்டும். நாள் முழுக்கப் பஞ்சு பறக்கும். சாயங்காலம் எங்கள் இமைகூட வெள்ளையாக இருக்கும். அங்கே இருமாதவர்களே கிடையாது என்பதால், எனக்கு இருமல் வந்தபோது நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சளியில் ரத்தம் கண்ட பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டிபி என்றார்கள்.

அந்த ஊரில் எங்களுக்குச் சொந்தபந்தம் என்று யாரும் இல்லை. இருந்தது சபை ஒன்றுதான். பழைய நூல் குடோன் ஒன்றின் மாடியில், தகரக் கூரைக்குக் கீழே நடந்தது. எங்கள் ஊர் வேதக் கோயிலில் ஆராதனை என்றால் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதுதான், யாரும் எழுந்து சொந்தக் கதை பேசுவதில்லை. இங்கே பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். கர்த்தர் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து சொல்லவேண்டும். அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கஷ்டம், பிறகு ஜெபம், பிறகு அற்புதம். நடுவில் டாக்டருக்கு இடமில்லை. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை, அப்படியே பழகிப்போயிருந்தது.

இரண்டு மாதம் தினமும் ஊசி, கை நிறைய மாத்திரை. சிறுநீர் செம்மண் தண்ணீராகப் போகும். இரண்டாம் மாதம் முடிகிறபோது இருமல் நின்றது, பசி எடுத்தது, படியேறினால் மூச்சு வாங்கவில்லை. "நல்லாயிருச்சுன்னு பாதியில விட்டுராதம்மா, இன்னும் நெறைய மாசம் சாப்பிடணும்" என்று நர்ஸ் சொன்னார். நானும் தலையாட்டினேன். அந்த வார ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் என்னால் உட்கார முடியவில்லை. சந்தோஷம் தொண்டைவரை நின்றது. எழுந்து மைக்கை வாங்கி, "எனக்கு டிபி இருந்தது. சபை ஜெபித்தது. கர்த்தர் என்னைப் பூரண குணமாக்கிவிட்டார்" என்றேன். அல்லேலூயா சத்தத்தில் தகரம் அதிர்ந்தது.

பொய் சொல்லவேண்டும் என்று எழுந்திருக்கவில்லை. எல்லோரும் சொல்கிற மாதிரி சொன்னேன், அவ்வளவுதான். கூட்டம் முடிந்ததும், பெண்கள் ஜெபக்குழுவை நடத்துகிற மூத்த சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாட்சி சொல்லியாச்சு. இனி மாத்திரையைத் தொட்டா கர்த்தர் மேல நம்பிக்கை இல்லேன்னு ஆயிரும் பாத்துக்க." பாஸ்டர் நிறுத்தச் சொல்லவில்லை. சாப்பிடச் சொல்லவும் இல்லை. ஆனால் அடுத்த வாரப் பிரசங்கத்திலேயே என் கதை வந்துவிட்டது. உபவாசக் கூட்டத்தில் வந்தது. பக்கத்து ஊர்ச் சபைக்குப் போன இடத்திலும் சொன்னாராம். ஒவ்வொரு தடவையும் என் நோய் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியாக நான் கேட்டபோது டாக்டரே என்னைக் கைவிட்டிருந்தார். இப்படிப்பட்ட ஆள் மாத்திரை சாப்பிடலாமா? நிறுத்தினேன்.

நாலாம் மாதம் இருமல் திரும்பி வந்தது.

கம்பெனியில் எனக்குப் பிரச்சினையே இல்லை. பஞ்சுக்கு நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் இருமலாம். சபைதான் எனக்கு ஜெயிலானது. டிரம் அடிக்கிறவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பாட்டின் சத்தத்தில் இருமினேன். பிரசங்க நேரத்தில் வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டேன். தொண்டை அரித்து, கண்ணில் நீர் கொட்டும். பக்கத்தில் இருப்பவர்கள் நான் ஆவியில் நிறைந்து அழுகிறேன் என்று நினைத்து என் தோளில் கை வைத்து ஜெபிப்பார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருப்பேன். வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தை அமுக்கிக்கொண்டு மிச்சத்தை இருமித் தீர்ப்பேன்.

ஆண்டவரிடம் சண்டை போட்டேன். உம்முடைய பெயரைத்தானே சொன்னேன், காப்பாற்றினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். நோயில் அவரை நம்புவது எனக்குக் கஷ்டமாக இருந்ததே இல்லை. உண்மையைச் சொன்ன பிறகும் அவர் என்னோடு இருப்பார் என்று நம்புவதற்குத்தான் தைரியம் வரவில்லை. சபையும் போய், அவரும் போய்விட்டால் அந்த ஊரில் நான் யாரிடம் போவேன்? வாரம் ஆறு நாள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானிப்பேன். ஏழாம் நாள் கிராம்பை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வேன்.

அந்தச் சமயத்தில் ஒரு பெண் சபைக்குப் புதிதாக வந்து சேர்ந்தாள். காங்கேயம் பக்கம், என்னைவிட நாலைந்து வயது சின்னவள், பேக்கிங்கில் வேலை. அவள் வீட்டில் அவள் மட்டும்தான் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவள். ஒரு நாள் கம்பெனி விட்டு வரும்போது எனக்காக வழியில் காத்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"அக்கா, உங்க சாட்சியப் பாஸ்டர் சொல்லக் கேட்டனுங்க்கா. எனக்கும் அதே சீக்குத்தானுங்க. நேத்து மாத்திரையெல்லாம் சாக்கடையில கொட்டிப்போட்டேன். எங்க மாமியா, 'உன்ற சாமி உன்னையக் கொணமாக்கட்டும், அப்பறம் நாங்க சபைக்கு வர்றதப் பாத்துக்கலாம்'னு சொல்லீருச்சுங்க்கா. நீங்க எனக்கோசரம் ஜெபம் பண்ணோணும்."

சொல்லி முடித்ததும் இருமினாள். அந்த இருமலை எனக்கு நன்றாகத் தெரியும். அடிநெஞ்சிலிருந்து வருகிற இருமல் அது. அவள் தலையில் கை வைத்து நான் என்னவோ ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் என்று எனக்கே தெரியாது. என் உயிரை வைத்து நான் விளையாடியது போதாதென்று, இப்போது இன்னொருத்தியின் உயிரையும் சேர்த்து வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம் சொல்லிவிட்டேன். எனக்கு இருமல் திரும்பிவிட்டது என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும். தலைகாணி உறையில ரத்தம் பாத்தேன். மூணு வாரம் ஆச்சு."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா நீ ஆமான்னு சொல்லிருவல்லா? அதான் பயமா இருந்துச்சு" என்றார். ஆத்திரம் தாங்காமல் கையிலிருந்த தட்டைச் சுவரில் எறிந்தேன். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைக்கை வாங்கினேன். எல்லோரும் இன்னொரு அற்புதம் கேட்கும் ஆசையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "நான் சொன்ன சாட்சி பாதிதான். மாத்திரையால் சுகமாகிக்கொண்டு வந்தேன், அதைச் சொல்லாமல் விட்டேன். பிறகு மாத்திரையை நிறுத்தினேன், நோய் திரும்பிவிட்டது. யாரும் என்னைப் பார்த்து மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்றேன். இத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்த இருமலையும் அங்கேயே இருமினேன். பாஸ்டர் மெதுவாக, "உக்காருங்க சிஸ்டர்" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை, அடி வாங்கிய முகமாக இருந்தது. அடுத்த பாட்டைத் தொடங்கச் சொன்னார். அதற்குப் பிறகு சபையில் எனக்கு ஒரே பெயர்தான். பின்வாங்கினவள். ஆனாலும் போனேன். போகாமல் இருக்க எனக்கு வேறு வீடு இல்லை. என் பக்கத்தில் என் கணவர் மட்டும் உட்காருவார்.

அந்த ஞாயிறு காங்கேயத்துக்காரி சபைக்கு வரவில்லை. வீட்டில் விருந்தாளிகள். சபை முடிந்த கையோடு அவள் குடியிருந்த லைன் வீட்டுக்கு நடந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க விழுந்துட்டீங்கக்கா. நான் விழ மாட்டனுங்க. வந்தது வந்தீங்க, ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க."

கொங்கு நாட்டு மரியாதை அது, கழுத்தைப் பிடித்துத் தள்ளும்போதும் காப்பி கொடுக்கும். நான் குடித்தேன்.

ஆஸ்பத்திரியில் எனக்கு நல்ல திட்டு. பிறகு ஊசியை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். மறுநாளிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் அவள் லைன் வீட்டுக் குழாயடிக்குப் போய் நின்றேன். எதுவும் பேசமாட்டேன். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, அவள் பார்க்க என் மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கித் தண்ணீர் குடிப்பேன். அவள் பார்க்காத மாதிரி பாத்திரம் தேய்ப்பாள். பைத்தியக்காரத்தனம்தான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது வாரம் அவள் தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தின் மேலேயே ரத்தமாகத் துப்பினாள். அவசரமாகத் தண்ணீரை ஊற்றிக் கழுவினாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"நாளைக்கு நானும் ஆஸ்பத்திரிக்கு வர்றனுங்க்கா. ஆனா சபையில தெரியப்படாது. எங்கூட்லயும் தெரியப்படாது. தெரிஞ்சா மாமியா சிரிக்கும், அப்பறம் என்னையச் சபைக்கே உடாது. வாக்குக் குடுங்க."

ஒரு மறைப்பிலிருந்து இப்போதுதான் வெளியே வந்திருந்தேன். உடனே இன்னொன்றுக்குள் போகச் சொல்கிறாள். ஆனால் பாத்திரத்தில் கண்ட சிவப்பு என் கண்ணிலேயே நின்றது. கையை நீட்டி வாக்குக் கொடுத்தேன்.

அவளுடைய மாத்திரை எங்கள் வீட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. தினமும் காலையில் அவள் வந்ததும், இருவரும் சேர்ந்து விழுங்குவோம். ஒரு வருடத்துக்கும் மேல் அப்படி நடந்தது. தன் அம்மா வீட்டுத் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து என் தலைக்குத் தேய்த்துவிடுவாள். சபையில் என் பக்கத்தில் உட்கார அவளுக்குத் தைரியம் கிடையாது, காலையில் வந்து அதற்கும் சேர்த்துப் பேசித் தீர்ப்பாள். எனக்குக் கூடப்பிறந்த தங்கை இல்லை. இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். என் நோயும் தீர்ந்தது, அவள் நோயும் தீர்ந்தது. நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி மாத்திரை வேண்டாம் என்று இருவரையும் போகச் சொல்லிவிட்டார்கள்.

அதற்கு அடுத்த ஞாயிறு அவள் மாமியாரை முதல் முறையாகச் சபைக்குக் கூட்டி வந்தாள். சாட்சி நேரத்தில் எழுந்து நின்றாள். கஷ்டம், ஜெபம், அற்புதம். வரிசை பிசகாமல் சொன்னாள். பாஸ்டர், "சிலர் பாதியில் தளர்ந்துபோனார்கள், இந்தச் சகோதரி தளரவில்லை" என்றார். தலைகள் என் பக்கம் திரும்பின. அதைத் தாங்கிக்கொண்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன், அவளுக்கு இன்று நல்ல நாள், போகட்டும் என்றே இருந்தேன்.

ஆனால் எனக்கு முன்வரிசையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சபைக்குப் புதியவர், நகக்கண்ணில் சாயப்பட்டறைச் சாயம் ஏறிய கை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, அவள் சொல்வதைக் கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மடியில் ஆஸ்பத்திரி மாத்திரைக் கவர். அவள் 'பூரண சுகம்' என்று சொன்னபோது அவர் குனிந்து அந்தக் கவரைப் பார்த்தார். பிறகு அதைக் கையில் கசக்கினார்.

ஆண்டவரே, எனக்கு இருப்பது இவள் ஒருத்திதான் என்று சொல்லிக்கொண்டே எழுந்தேன். மைக் இல்லை. கத்தினேன்.

"மாத்திரையையும் சொல்லு கண்ணு! ஒரு வருஷமா தினம் எங்க வீட்டுல வந்து சாப்பிட்டியே, அதையும் சேத்துச் சொல்லு! அதுவும் அவர் குடுத்ததுதான்!"

அவள் என்னைப் பார்க்கவில்லை, மாமியாரைத்தான் பார்த்தாள். மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். மாமியார் பின்னாலேயே எழுந்து, "மாத்திரை தின்னா என்னங்க, உசுரோட இருக்கறாளல்ல" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார். அந்த அம்மாளுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. மருமகள் அதைக் கேட்க அங்கே இல்லை.

கவரைக் கசக்கியவர், கூட்டம் முடிந்து என்னிடம் வந்து எத்தனை மாதம் சாப்பிடவேண்டும் என்று கேட்டார். சொன்னேன்.

அவள் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. வேறு சபைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். பல வருடம் கழித்து, ரயில்வே பாலத்து மேட்டில் ஒருநாள் எதிரெதிரே வந்தோம். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் காய்கறிப் பை. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக மேட்டில் ஏறினாள். நான் நின்று திரும்பிப் பார்த்தேன். உச்சி போகும்வரை எங்கேயும் நிற்கவில்லை, அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை.