சேலை மேல் போடும் சட்டை

எங்கள் பக்கம் வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற பெண்கள் சேலைக்கு மேல் புருஷனின் பழைய சட்டையை மாட்டிக்கொள்வது வழக்கம். நானும் பத்து வருஷம் போட்டேன். காலர் கிழிந்து, இனி அவருக்கு ஆகாது என்ற பிறகுதான் அது என் கைக்கு வரும். தோள் முழங்கை வரை தொங்கும், நெஞ்சுப் பக்கம் இறுக்கிப் பிடிக்கும். ஆனாலும் வெயிலுக்கும் உடம்பை அரிக்கிற நெல் தாளின் சுனைக்கும் வேறு வழியில்லை.

ஒரு நாள் களை எடுத்துக்கொண்டிருந்தபோது வரப்பில் வந்து நின்ற அவர், என் தையல் மெஷினை விற்கப் போவதாகச் சொன்னார். சும்மா கிடக்கிறதாம். முடியாது என்றேன். அத்தனை பெண்கள் முன்னாலும், "மொதல்ல என் சட்டையக் கழட்டி வச்சுட்டுப் பேசு" என்றார்.

கழற்றி வரப்பில் எறிந்தேன். நெல் தாள் கீறி அன்று சாயங்காலம் கை இரண்டும் தடித்துப்போயின. அழவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு கிழிந்த சட்டைக்காக நான் வாயை அடகு வைக்க வேண்டுமா?

அந்த வாரமே துணி எடுத்தேன். பெண் உடம்புக்கு என்று வெட்டினேன். நெஞ்சு இறுக்காமல் இருக்க டார்ட் மடிப்பு, குனிந்தால் பிடிக்காத கைக்குழி, கொசுவத்தை மறைக்கிற நீளம், உள்ளே செல்போனுக்கு ஒரு பை. இருபது சட்டை தைத்து வாரச் சந்தைக்கு எடுத்துப் போனேன். "ஒரு மாசம் பாப்பேன். அப்புறம் மெஷினு போயிரும்" என்றார் அவர்.

பக்கத்தில் நைட்டி விற்கிற அண்ணன் சிரித்தார். "ஏம்மா, வீட்ல புருசன் பழசு சும்மா கெடைக்கையில இத எவ வாங்குவா?"

"சும்மா எங்கண்ணே கெடைக்குது? பேச்சோட சேத்துல்ல கெடைக்குது" என்றேன்.

முதல் வாரம் நான்கு போயின. அடுத்த வாரம் நான்கும் திரும்பி வந்தன.

"என்னத்தா இப்புடித் தச்சிருக்க? கை எங்கிட்டோ போவுது, பட்டனு எங்கிட்டோ இருக்கு" என்றார் ஒரு அக்கா. எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெண்கள் சட்டைக்குப் பொத்தான் இடப்பக்கம் என்று தையல் வகுப்பில் சொன்னதை அப்படியே செய்திருந்தேன். ஆயுசு முழுக்க ஆண் சட்டை போட்டுப் பழகிய கைகள் அதில் தடுமாறின. படித்த புத்தி அவ்வளவுதான்.

இருபதையும் பிரித்தேன். பொத்தானை வலப்பக்கம் மாற்றினேன். பழைய காஜா ஓட்டை தெரியாமல் இருக்க வேறு நிறத்தில் ஒரு பட்டி வைத்து மறைத்தேன். அவர் பார்த்துவிட்டு, "ஒட்டுப் போட்ட சட்டை" என்றார். வாயில் ஊசியைக் கடித்தபடி அடுத்த சட்டையை எடுத்தேன்.

மாசத்தின் கடைசிச் சந்தையில், பச்சைச் சட்டைக்குச் சிவப்புப் பட்டி வைத்ததை ஒரு பெண் எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். அவள் புருஷன், "வா, என் சட்டை இருக்குல்ல" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

"அது ஒங்க சட்டை. நீங்க இந்தப் பைய புடிங்க" என்று காய்கறிப் பையை அவரிடம் கொடுத்துவிட்டு, சந்தை நடுவிலேயே மாட்டி, மேலிருந்து கீழ் வரை தடுமாறாமல் பொத்தான் போட்டாள். கையைத் தூக்கிப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள். சுற்றி நின்ற பெண்கள் ஆளுக்கொன்று எடுத்தார்கள். சிவப்புப் பட்டி வைத்தது வேறு இருக்கிறதா என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

வெறும் பையோடு வீடு வந்தேன். வாசலில் நின்ற அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"மெஷினப் பாக்க நாளைக்கு ஒரு ஆளு வர்றாரு" என்றார்.

"வரட்டும். அவரு வீட்டம்மாவுக்கு அளவு கேட்டுக்கிட்டு வரச் சொல்லுங்க" என்றேன்.